உன் பயற்றஞ்செடிகளைப் பற்றி

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். தொலைபேசி எடுத்தால் "பிறகு கதைக்கிறேன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மாட்டாய் என்றுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன் மேசையைத் தம்பி பிடித்துக்கொண்டான். காலையில் சாப்பிடாமல் விரிவுரைக்குப் போகாதே.

உன் பரிசோதனையைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஒரு சாடியில் 1 வித்து, அடுத்ததில் 5, மற்றதில் 25. நெருக்கம் கூடினால் முளைப்பது குறையும் என்பது உன் கருதுகோள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் முளைத்துவிட்டது. "ஒன்றும் வரவில்லை அம்மா" என்றாய். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு நீ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒன்றும் வரவில்லை என்று யார் சொன்னது? ஓய்வு பெறும்வரை விஞ்ஞானம் படிப்பித்தவள் சொல்கிறேன், கேள். முளைப்பதற்கு நீர் வேண்டும், ஒட்சிசன் வேண்டும், தகுந்த வெப்பநிலை வேண்டும். உணவு வித்தின் பருப்பான வித்திலைக்குள்ளேயே இருக்கிறது. எல்லாச் சாடிக்கும் நீ குறைவில்லாமல் நீர் ஊற்றியிருக்கிறாய். அப்படியிருக்க அந்த நேரத்தில் அவை எதற்காக ஒன்றோடொன்று மல்லுக்கட்ட வேண்டும்? நீ கண்டது உண்மை. அதை அப்படியே எழுது.

உன்னை நம்பாமல் இல்லை, ஆனாலும் பார்க்க ஆசைப்பட்டு நானும் பல்கனியில் பயறு போட்டேன். கொழும்பு வெக்கைக்கு மளமளவென்று முளைத்தன. முதலில் வித்துறை வெடித்து வெள்ளை முளைவேர் கீழே இறங்கியது. பிறகு தண்டு கூனிக்கொண்டு மண்ணைத் தள்ளி எழும்பியது. சிலவற்றில் பச்சை வித்துறை வித்திலையின் நுனியில் ஒட்டிக்கொண்டே இருந்தது. விரலால் தட்டிவிட நினைத்தேன், தானாக விழட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவரை எந்தச் சாடியிலும் வித்தியாசம் இல்லை. இலை விரிந்த பிறகுதான் கதை மாறியது. நெருங்கி நின்றவை நெடுநெடுவென்று மெலிந்து வளர்ந்தன. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அதற்கு அடுத்தாற்போல் நம் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் தூரச் சிவப்பு ஒளியைத் திருப்பிவிடுகிறது. அது பக்கத்துச் செடியில் படும்போதே, நிழல் விழுமுன்னரே, அயலில் ஆள் இருப்பதை அந்தச் செடி அறிந்து தண்டை நீட்டத் தொடங்கிவிடுகிறது. உன் போட்டி அங்கேதான் இருக்கிறது, பிள்ளை. முளைத்தவுடன் எண்ணிவிட்டு நிறுத்திவிட்டாயா, தொடர்ந்து பார்த்தாயா?

ஜப்பானில் கிரா என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 1953இல் இந்தப் போட்டியைப் பற்றித்தான் எழுதினார்கள். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு நெருக்கமாக விதைத்தாலும் அந்த நிலத்தில் கிடைக்கும் மொத்த நிறை ஏறக்குறைய மாறாது, செடிக்குச் செடி பங்குதான் சுருங்கும். உன் விரிவுரையாளரிடம் கேட்டுப் பார். கேட்பதற்கு வெட்கப்படாதே. சாப்பிடாமல் ஆய்வுகூடத்தில் நிற்காதே.

பெரியம்மா வீட்டார் போன கிழமை வந்தார்கள். தங்கள் மகனுடைய வெள்ளைக் கோட்டுப் படத்தைக் காட்டினார்கள். நல்ல பிள்ளை, நன்றாக வரட்டும். நீங்கள் இருவரும் ஒரே வருடம் உயர்தரம் எடுத்ததைப் பெரியம்மா மறுபடியும் சொன்னார். நான் தேநீர் ஊற்ற எழுந்துவிட்டேன். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

கீழ்வீட்டு மாமியைப் பல்கனிக்கு அழைத்து வந்து சாடிகளைக் காட்டினேன். என் மகள் இதைத்தான் ஆராய்கிறாள் என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அவர் குனிந்து பார்த்துவிட்டு, "பிள்ளை எப்போது வீட்டுக்கு வருகிறாள்?" என்று கேட்டார். பெற்ற தாய்க்கு அதற்குப் பதில் தெரியவில்லை. போன விடுமுறைக்கும் வரவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்றாய். ஒரு தோழி இல்லையா, இரண்டு நாளைக்குச் சொல்லிவிட்டு வர? நீ வரும்போது யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கண்டி ரயிலில் வரும் பிள்ளை ஒருத்தியிடம் பயற்றம் பணியாரம் கொடுத்துவிடுகிறேன். அறையில் இருப்பவர்களுக்கும் கொடுத்து, நீயும் சாப்பிடு. இரவில் கண் விழிக்காதே.

சாடிகளை எறிந்துவிடவில்லையே? எறியவில்லை என்றால் ஒவ்வொரு சாடியிலும் செடிகளைப் பிடுங்கி, மண்ணைக் கழுவி, உலர்த்தி நிறுத்துப் பார். மொத்த நிறையையும் செடிக்கு எவ்வளவு என்பதையும் தனித்தனியாக எழுது. என் சாடிகளையும் நான் அப்படியே செய்யப்போகிறேன், ஆனால் வீட்டுத் தராசு இவ்வளவு சிறிய நிறையைக் காட்டாது. உலர்ந்த செடிகளைக் கடதாசியில் சுற்றி வைக்கிறேன். நீ வந்து எடுத்துக்கொண்டுபோய் அங்கே நிறுத்துச் சொல்.

அன்புடன்,
அம்மா