குவா கச்சாங்: பொடிப் பாக்கெட்டை ஏன் நிறுத்தினோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் வறுத்த நிலக்கடலைப் பொடிப் பாக்கெட்டுகளை இந்த மாதம் காணோமே என்று பலரும் கேட்கிறீர்கள். சரக்குத் தீரவில்லை, நாங்களேதான் எடுத்துவிட்டோம். தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்குச் சாத்தே (குச்சியில் கோத்துச் சுடும் இறைச்சி) போடுகிறவர்கள் இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டதால் காரணத்தையும், சாத்தேக்குத் தொட்டுக்கொள்ளும் கடலைக் குழம்பான குவா கச்சாங்கின் செய்முறையையும் எழுதிவிடுகிறோம்.

போன மாதம் தோட்டத்திலிருந்து அக்கா ஒருவர் அந்தப் பொடியில் செய்த குழம்பு டப்பாவும் கையுமாக வந்தார். "தம்பி, ஒங்க கடலை சரியில்ல. பாரு, எண்ணெயா மெதக்குது." திறந்து பார்த்தால் மேலே செக்கச்செவேலென்று எண்ணெய். "அக்கா, இதுக்குப் பேருதான் பெச்சா மின்யாக், எண்ணெய் பிரியிறது. இது வர்ற வரைக்கும் மலாய்க்காரங்க அடுப்பையே அணைக்க மாட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தோம். சிரிப்பு போய்விட்டது. குழம்பின் அடியில் சிக்கு வாடை. அக்காவின் கைப்பக்குவத்தில் குறையில்லை, நாங்கள் விற்ற பொடிதான் கெட்டிருந்தது.

நிலக்கடலையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்தான். முழுப் பருப்பாக இருக்கிறவரை அது உள்ளே பத்திரமாக இருக்கும். பொடித்துவிட்டால் காற்றுப் பட்டுச் சீக்கிரமே சிக்கு அடிக்கும். அதை மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டி, சாயங்கால வெயில் விழும் அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) தொங்கவிட்டால் என்ன ஆகும்? அதைத்தான் நாங்கள் செய்துகொண்டிருந்தோம். அக்காவுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வேறு யாருக்காவது அப்படி நேர்ந்திருந்தால் தயங்காமல் வந்து சொல்லுங்கள்.

இனி வறுக்காத முழு நிலக்கடலைப் பருப்பு மட்டுமே விற்போம். முந்நூறு கிராம் வாங்கினால் ஏழெட்டுப் பேர் சாப்பிடும் குழம்பு வரும். வீட்டுக்குப் போனதும் தட்டில் பரப்பிப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எதுவானாலும் தூக்கி எறியுங்கள். கடலைப் பூசணத்தில் வருகிற அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுசாகப் போகாது.

வறுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. எண்ணெய் விடாமல் குவாலியில் (இரும்புச் சட்டியில்) சிறுதீயில் போட்டுக் கை ஓயாமல் கிளறுங்கள். தீயைக் கூட்டினால் தோல் கருகும், உள்ளே பச்சையாகவே நிற்கும், குழம்பு கசக்கும். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு படபடவென்று தோல் வெடிக்கும். ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தால் உள்பக்கம் பொன்னிறமாக இருக்க வேண்டும், அதுதான் பதம். இறக்கி ஆறவிட்டு, துண்டில் கொட்டிக் கசக்கி, முறத்தில் புடைத்துவிடுங்கள். (வீட்டுக்குள் வேண்டாம். தோல் பறந்து ஒரு வாரத்துக்குக் காலில் ஒட்டும்.) அப்புறம் கொரகொரப்பாக இடியுங்கள். மாவாக அரைத்தால் சட்னிதான் மிஞ்சும். சாத்தேக் குழம்பு பல்லில் கடிபட வேண்டும்.

காய்ந்த மிளகாய் இருபதை விதை உதிர்த்து வெந்நீரில் ஊறவையுங்கள். சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு நாலு பல், செராயின் (எலுமிச்சைப்புல்) வெள்ளைப் பகுதி இரண்டு தண்டு, விரற்கடை லெங்குவாஸ் (சித்தரத்தை வகைக் கிழங்கு) சேர்த்து விழுதாக அரையுங்கள். அரைக் கப் எண்ணெயில், சிறுதீயில், அக்கா பயந்த அந்தச் சிவப்பு எண்ணெய் பிரிகிறவரை வதக்குங்கள். இங்கே அவசரப்பட்டால் பச்சை வாடை கடைசிவரை போகாது. பிறகு மூன்று கப் தண்ணீர், நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், உப்பு, உடைத்த குலா மலாக்கா (தென்னை வெல்லம்) அரைக் கட்டி. கொதித்ததும் கடலையைக் கொட்டி அரை மணி நேரம் விடுங்கள். அடிபிடிக்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். ஆறினால் இறுகும், அதனால் கொஞ்சம் தளரவே இறக்குங்கள். கைப்பழக்கத்தில் மசாலாத்தூளைத் தூவிவிட்டால் நம்ம வீட்டுக் கடலைக் குழம்பாகிவிடும், ஜாக்கிரதை.

பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) வேண்டுமா என்று கேட்பீர்கள். வதக்கும்போது சுண்டைக்காயளவு சுட்டுச் சேர்த்தால் வாசம் தூக்கும். புரட்டாசி விரதக்காரர்கள் விட்டுவிடலாம், குழம்பு கோபித்துக்கொள்ளாது. தாய்லாந்துக்காரர்கள் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். ருசிதான், ஆனால் நம்ம வெக்கைக்கு அன்றே தீர்த்துவிட வேண்டும். பால் சேர்க்காததைக் குளிர்பெட்டியில் நாலு நாள் வைக்கலாம். டப்பா பீநட் பட்டரைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அவசரத்துக்குச் சரி, வறுத்த வாசம் மட்டும் கிடைக்காது.

விருந்தாளிகளில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கரண்டியை எல்லாப் பாத்திரத்திலும் போடாதீர்கள்.

இடிக்க நேரமில்லாதவர்கள் கடலையை வீட்டில் வறுத்து ஆறவைத்துக் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை காலையில் உங்கள் கண்ணெதிரிலேயே கொரகொரப்பாக அரைத்துத் தருகிறோம், கூலி வேண்டாம். மூடியுள்ள பாட்டில் ஒன்றையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டித் தர மாட்டோம்.

அன்புடன்,
உங்கள் மளிகைக்கடை,
சுங்கை சிப்புட், பேராக்