வெள்ளிக்கிழமை இரவு பைக்கில் ஊருக்குக் கிளம்பும் தம்பிகளுக்கு

பெங்களூர் பொம்மனஹள்ளி மெஸ்ஸில் என்னோடு ஒரே பெஞ்சில் சாப்பிடும் தம்பிகளே, கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் வாராவாரம் வண்டியை முடுக்கும் முகமறியாத மற்ற தம்பிகளே,

போன வெள்ளிக்கிழமை மாலை நான் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "அண்ணா, ஓசூர் சாலையில் சைக்கிளா? உயிர் மேல் ஆசையே இல்லையா?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு பத்தரைக்கு அதே தம்பி, அறைத்தோழரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பினார். இருநூறு கிலோமீட்டர். பின்னால் இருந்தவர் தலையில் கைக்குட்டை மட்டும் கட்டியிருந்தார். அப்போது வாயில் வராத பதிலை இப்போது எழுதுகிறேன்.

சைக்கிளில் ஆபத்தில்லை என்று வாதாட வரவில்லை. பஸ் இடதுபுறம் திரும்பும்போது ஓட்டுநர் கண்ணுக்கு நான் தெரியமாட்டேன். சில்க் போர்டு சந்திப்பில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். ஐம்பது வயதுக்காரனுக்கு இதில் என்ன வெட்கம்? ஆனால் என் வேகம் மணிக்குப் பதினைந்து. பக்கத்தில் வருபவர்களும் பறப்பதில்லை. பெங்களூரின் நடுப்பகுதியில் பத்துக் கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 28 நிமிடம் ஆகிறது என்று 2023-இல் போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனம் கணக்கிட்டது. நாம் தினமும் சபிக்கும் அந்த நெரிசல்தான் பகலில் நமக்குக் காவல்.

இரவு பதினொன்றுக்கு அந்தக் காவல் தூங்கப் போய்விடுகிறது. மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளி தாண்டினால் நீங்கள் எண்பதுக்குக் குறைவதில்லை. எண்பது என்றால் நொடிக்கு 22 மீட்டர். எதிரே ஏதோ நிற்கிறது என்று மூளைக்கு உறைக்க ஒரு நொடி. பிரேக் பிடித்து, காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் ஏறக்குறைய நாற்பது மீட்டர். ஆக அறுபதுக்கு மேல். தாழ்த்திய முகப்பு விளக்கு அவ்வளவு தூரம் காட்டாது. பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரி உங்களுக்குத் தெரியும்போது, நிறுத்துவதற்கான இடம் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். நாற்பதில் போவதைவிட எண்பதில் மோதலின் ஆற்றல் இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே உள்ள தொப்பூர் கணவாயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சேலம் பக்கம் இறங்கும்போது பின்னால் வரும் லாரிக்கு பிரேக் பிடிக்குமா என்பது நம் கையில் இல்லை.

எனக்கும் முப்பது வயது இருந்தது. ஒரு பொங்கலுக்கு, வேலை முடித்த கையோடு தர்மபுரிக்குக் கிளம்பினேன். சூளகிரிக்கு அருகில் எப்போது கண் மூடினேன் என்று தெரியாது. சக்கரத்தின் கீழ் ஜல்லி நெறிபடும் சத்தத்தில்தான் விழித்தேன். வண்டி சாலையை விட்டு இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. விழவில்லை, கீறல்கூட இல்லை. ஓட்டத் தெரிந்தவன் என்பதால் பிழைத்தேன் என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த இடத்தில் ஜல்லிக்குப் பதில் ஒரு லாரி நின்றிருந்தால் ஓட்டத் தெரிந்தது எதற்கு உதவியிருக்கும்?

2022-இல் நாட்டின் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் பின்னால் உட்கார்ந்து வந்தவர்களே 14,337 பேர். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தலைக்கவசம் வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு. கர்நாடகத்தில் 2016 முதல் பின்னிருக்கைக்கும் கண்டிப்பு காட்டுகிறார்கள். நீங்களோ போலீஸ் நிற்கும் இடம் வரை தலையில் வைத்திருந்து, பிறகு முழங்கையில் மாட்டிக்கொள்கிறீர்கள். முழங்கையைக் காப்பாற்றி என்ன செய்யப் போகிறீர்கள்? வார் பூட்டாத கவசமும் அப்படித்தான். விழும்போது தலைக்கு முன்னால் அது பறந்துவிடும்.

பைக்கை விற்றுவிடுங்கள் என்று சொல்லவில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது, மழை நாளில் அதில்தான் வேலைக்குப் போகிறேன். பண்டிகை நேரத்தில் ஆம்னி பஸ் டிக்கெட் விலை எனக்கும் தெரியும். நான் கேட்பது இரவு பத்தரைக்கும் விடியலுக்கும் இடையே உள்ள அந்த ஆறு மணி நேரத்தை மட்டும். வெள்ளி இரவு படுத்துத் தூங்குங்கள். சனிக்கிழமை விடியலில் ஓசூர் வரை வண்டியில் போய், அங்கே நிறுத்திவிட்டு சேலம் பஸ் ஏறுங்கள். பைக்கிலேயே போய்த்தான் தீருவேன் என்றால் அதுவும் வெளிச்சம் வந்த பிறகு.

மெஸ் அக்காவிடம் பேசிவிட்டேன். இந்த வாரம் முதல் சனிக்கிழமைகளில் நாலரை மணிக்கே இட்லி தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் இரவே எத்தனை பேர் என்று சொல்ல வேண்டுமாம். என் அறையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. கைக்குட்டை கட்டிய தம்பி வந்து எடுத்துக்கொள்ளலாம். பெரிதாக இருந்தால் சொல்லுங்கள், கடையில் மாற்றித் தருகிறேன்.

அன்புடன்,
சைக்கிள் அண்ணன்