மாஸ்டர்ஸ் என்று விளம்பரம், 18% ஜி.எஸ்.டி. என்று ரசீது

அனுப்புநர்:
மாணவி, இசைப் பொறியியல் மற்றும் தயாரிப்பு (முதுநிலை),
கும்பகோணம்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
தங்கள் ஒலிப்பதிவுப் பயிற்சி நிறுவனம்,
சென்னை.

பொருள்: விளம்பரத்தில் சொன்ன முதுநிலைப் படிப்பும் வசதிகளும் தராதது, கட்டிய கட்டணத்தையும் அசல் சான்றிதழ்களையும் திருப்பித் தரக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். 2024 ஜூலையில் உங்கள் நிறுவனத்தில் சேர்ந்தேன். நான்கு பருவப் படிப்பில் இரண்டை முடித்துவிட்டு, மூன்றாவது தொடங்கியதும் வெளியேறிவிட்டேன். கட்டணம் ரூ.4,80,000, அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. ரூ.86,400, ஆக மொத்தம் ரூ.5,66,400. முழுத் தொகையையும் சேரும்போதே கட்டச் சொன்னீர்கள். நகைக்கடன் வாங்கிக் கட்டினோம். அதைத் திருப்பிக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். மாணவர் சேவைப் பிரிவுக்கு எழுதினால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான் வருகிறது, அதனால் நேரடியாக உங்களுக்கே எழுதுகிறேன்.

அந்த ஜி.எஸ்.டி.யிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சட்டப்படி அங்கீகாரம் உள்ள ஒரு தகுதிக்குப் பாடம் நடத்தும் கல்வி நிறுவனம், தன் மாணவர்களிடம் வாங்கும் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2017இல் வந்த வரிவிலக்கு அறிவிக்கையிலேயே இது இருக்கிறது. நீங்கள் 18% வாங்கியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சரியாகத்தான் வாங்கியிருக்கிறீர்கள். இது அங்கீகாரம் உள்ள படிப்பு இல்லை என்று உங்கள் கணக்குப் பிரிவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. விளம்பரம் எழுதுபவருக்கும் அட்மிஷன் கவுன்சிலருக்கும்தான் தெரியவில்லை போலிருக்கிறது. கையேட்டின் அட்டையில் "மாஸ்டர்ஸ் இன் மியூசிக் இன்ஜினியரிங் அண்ட் புரொடக்ஷன்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். முதல் பருவம் முடிந்தபின் மாதிரிச் சான்றிதழைக் காட்டினீர்கள். அதில் இருந்தது "பயிற்சி நிறைவுச் சான்றிதழ்" என்ற மூன்று வார்த்தை மட்டும்.

1956ஆம் ஆண்டின் யு.ஜி.சி. சட்டம், பிரிவு 22: பட்டம் கொடுக்கும் உரிமை மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும் மட்டுமே. நீங்கள் இந்த மூன்றிலும் இல்லை. "வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு டை-அப் இருக்கிறது, பட்டம் அங்கிருந்து வரும்" என்று கவுன்சிலர் வாட்ஸ்அப்பில் சொன்ன குரல் பதிவு என்னிடம் இருக்கிறது. அந்த டை-அப் என்னவென்று பிறகு தெரிந்தது. அங்கிருந்து ஓர் ஆசிரியர் ஜூமில் வந்து, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஸர் பற்றி நன்றாகவே பேசினார், கடைசியில் எங்களுக்கு வாழ்த்துச் சொன்னார். அவ்வளவுதான்.

பட்டம் என்ற காகிதம் இல்லாமல் இந்தத் தொழிலில் யாரும் வளர முடியாது என்று நான் நினைக்கவில்லை. புனே திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியின் ஒலிப்பதிவுப் பிரிவிலும் நெடுங்காலம் கொடுத்தது டிப்ளமாதான். அங்கே படித்த ரசூல் பூக்குட்டி 2009இல் ஆஸ்கர் மேடை ஏறினார். டிப்ளமா என்று சொல்லி டிப்ளமா கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அதோடு, கையேட்டில் படம் போட்டுக் காட்டிய வசதிகளாவது இருந்திருந்தால் மூச்சுக்காட்டாமல் படித்து முடித்திருப்பேன்.

எங்கள் வீட்டில் மைக் செட் தொழில். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று அப்பா ஹார்ன் ஸ்பீக்கர் கட்டாத ஊர் டெல்டாவில் குறைவு. பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே மைக் ஒயரின் எக்ஸ்எல்ஆர் பின்னுக்கு ஈயம் வைத்தவள் நான். அதனால் உங்கள் மெயின் ஸ்டுடியோவில் இருக்கும் அனலாக் கன்சோல் (ஒலிகளைக் கலக்கும் பெரிய மேசை) முன்னால் உட்கார்ந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. மாஸ்டர் செக்ஷனுக்கு வலப்பக்கம் இருக்கும் சேனல்களில் பவரே வரவில்லை. இடப்பக்கத்தில் பாதி சேனல்களில் 48 வோல்ட் ஃபான்டம் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, மைக்குக்கு மின்சாரம் போகவில்லை. ஒயர் இணைப்புகளை மாற்றும் பலகையான பேட்ச் பேயில் ஜாக்கைச் செருகினால் கரகரவென்று ஒரு சத்தம், கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் நிற்கிறது, கையை எடுத்தால் மறுபடி. கான்டாக்ட் கிளீனரும் பொறுமையும் உள்ள ஒருவர் உட்கார்ந்தால் அதில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம். நானே செய்கிறேன் என்று கேட்டேன். "மாணவர்கள் கன்சோலைத் தொடக் கூடாது" என்று சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினீர்கள்.

மாணவர்கள் தொடக் கூடாத கன்சோலை வைத்து என்ன சொல்லிக்கொடுப்பது? சிக்னல் ஃப்ளோ பாடம் முழுவதும் ப்ரொஜெக்டரில் படம் காட்டி நடந்தது. ரெக்கார்டிங் எல்லாம் மைக்கைக் கணினியோடு இணைக்கும் எட்டு சேனல் இன்டர்ஃபேஸ் ஒன்றில், ஃபேடரை மவுஸால் இழுத்து. அதே இன்டர்ஃபேஸை வாங்கி வீட்டிலேயே பழகியிருக்கலாம்.

அடுத்தது ஸ்டுடியோ 'பி'. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களுடைய மிக்ஸிங் வகுப்புகளும் தேர்வும் நடந்தது இங்கேதான். அறை 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 10 அடி என்பது 3.05 மீட்டர். 343ஐ அதன் இரண்டு மடங்கால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ். அந்த அறையின் முதல் ஒத்ததிர்வு அது, அதாவது அறையே கூட்டி ஒலிக்கும் முதல் சுருதி. நீளம், அகலம், உயரம் வேறு வேறாக இருந்தால் மூன்று ஒத்ததிர்வுகளும் வேறு வேறு இடத்தில் விழுந்து ஓரளவு சமாளித்துவிடலாம். மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்றும் அதே 56இல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கிக் டிரம், பேஸ் கிட்டார் எல்லாவற்றுக்கும் உயிர்நாடியான இடம் அது. சுவரில் நீங்கள் ஒட்டியிருப்பது ஒரு அங்குல முட்டைத் தட்டு ஃபோம். 56 ஹெர்ட்ஸின் அலைநீளம் 6 மீட்டருக்கும் மேல். அந்த ஃபோம் கைதட்டினால் வரும் எதிரொலியைக் குறைக்கும், பேஸை ஒன்றும் செய்யாது. கன சதுர அறையைத் தவிர்க்க வேண்டும் என்று உங்கள் அகௌஸ்டிக்ஸ் பாடக்குறிப்பிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். அதை அந்த அறையில் உட்கார்ந்துதான் படித்தோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கேட்கும் நாற்காலியை அறையின் நட்ட நடுவில் போட்டிருக்கிறீர்கள். அந்த 56 ஹெர்ட்ஸின் அழுத்தம் சுவரோரம் உச்சத்தில் இருக்கும், நடுவில் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்தால் பேஸ் காணாமல் போகும். போதவில்லையே என்று ஏற்றுவோம். எழுந்து கதவுப் பக்கம் போனால் நெஞ்சில் இடிக்கும். என் இரண்டாம் பருவ மிக்ஸை ஆசிரியர் தன் காரில் போட்டுக் கேட்டுவிட்டு "பேஸ் அதிகம்" என்று மதிப்பெண் குறைத்தார். கார் சொன்னது சரிதான், பேஸ் அதிகம்தான். வகுப்பில் எல்லோருடைய மிக்ஸுக்கும் அதே குறிப்பு. அறைக்குப் போட வேண்டிய மதிப்பெண்ணை எங்களுக்குப் போட்டுவிட்டார்.

சுற்றிலும் தலைக்குமேலும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் அறை என்று ஒன்று கையேட்டில் இரண்டு பக்கத்துக்கு விரிகிறது. 7.1.4 என்று போட்டிருக்கிறீர்கள். அதாவது காது மட்டத்தில் ஏழு, ஒரு சப்வூஃபர், தலைக்குமேல் நான்கு. அந்த அறையின் கூரையில் நான்கு இரும்பு பிராக்கெட் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒயர் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. ஸ்பீக்கர் எங்கே என்று கேட்டால் கஸ்டம்ஸில் நிற்கிறது என்றார்கள். அடுத்த பருவத்திலும் அதே கஸ்டம்ஸ். பாடம் என்னவோ நடந்தது: ஒரு லேப்டாப்பில் அட்மாஸ் ஒலியை உருவாக்கிக் காட்டும் ரெண்டரர் மென்பொருள், சுற்றி நாங்கள், ஹெட்போனைக் கைமாற்றிக் கைமாற்றிக் கேட்டோம். ஒரு சத்தம் தலைக்குமேல் போவது எப்படி என்பதை ஹெட்போனில் ஊகிக்கத்தான் முடிகிறது.

"தென்னிந்திய வாத்தியங்களின் ஒலிப்பதிவு" என்ற பாடத்துக்காகவே நான் இந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். நாகஸ்வரத்தின் ஒலி அதன் விரிந்த அடிமுனையான அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசுக்கு நேரே மைக்கை வைத்தால் காதைக் குத்துகிற ஒரு பாதிதான் கிடைக்கும். தவிலின் ஒரு பக்கமான வலந்தலையில் விரல் கூட்டின் அடி, மறுபக்கமான தொப்பியில் கழியின் அடி. இரண்டு பக்கமும் மைக் வைத்தால் ஃபேஸ், அதாவது இரண்டு மைக்கின் அலைகளும் ஒத்துப்போகின்றனவா என்று, பார்க்காமல் விடக் கூடாது, விட்டால் தொப்பியின் கனம் கரைந்துவிடும். திருவிழாவில் அப்பா இதையெல்லாம் கை அளவில் கண்டுபிடித்துச் செய்வார். அதன் காரணத்தைப் படித்து, நல்ல மைக்குகளோடு ஓர் அமைதியான அறையில் செய்து பார்க்க வேண்டும் என்று வந்தேன். அந்தப் பாடத்துக்கு ஒரு வித்வானும் வரவில்லை. "பட்ஜெட் இல்லை" என்று இணையத்திலிருந்து லூப் (முன்பே பதிவுசெய்த ஒலித்துண்டு) இறக்கி அடுக்கச் சொன்னார்கள். நான் இறக்கிய தவில் லூப்பில் தாளமே தப்பிப்போயிருந்தது.

மென்பொருளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கட்டணத்தில் உரிமம் அடக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். லேபில் ப்ரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் சந்தா முதல் பருவத்தின் நடுவிலேயே காலாவதியாகிவிட்டது. புதுப்பிப்பதற்குப் பதிலாக, வகுப்புக் குழுவிலேயே கிராக் வெர்ஷனுக்கு இணைப்பு அனுப்பினார் உங்கள் லேப் பொறுப்பாளர். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்துவதற்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு சொல்கிறது. பாட்டுக்கு உரிமத்தொகை வாங்குவது எப்படி என்றும் இதே நிறுவனத்தில் ஒரு பாடம் இருக்கிறது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பருவத்தில் காதுப் பயிற்சி எடுத்த ஆசிரியர், தன் சொந்த எஸ்எம்57 மைக்கைப் பையில் போட்டுக்கொண்டு வந்து பாடம் நடத்தினார். 400 ஹெர்ட்ஸ் கூடினால் ஒரு குரல் எப்படிக் குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகும் என்று கண்ணை மூடிக் கேட்டே சொல்ல அவரிடம்தான் கற்றேன். இரண்டாம் பருவத்தில் அவர் வரவில்லை. ஏன் என்று கேட்டால் அலுவலகத்தில் எல்லோரும் வேறெங்கோ பார்க்கிறார்கள்.

பணத்தைக் கேட்டபோது ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினீர்கள்: "கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது." 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறைபாடுள்ள சேவையை நிறுத்திக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை, ரசீதில் காலக்கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தவறான விளம்பரமும் அதே சட்டத்தில்தான் வருகிறது. கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். அப்படியானால் 18% எதற்கு என்பதையும் அவரே சொல்ல வேண்டியிருக்கும். வழக்குப் போட நான் சென்னைக்கு அலைய வேண்டியதும் இல்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று 34ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. எனக்குத் தஞ்சாவூர் பக்கம்தான்.

நான் கேட்பது இவை. நான் படிக்காத இரண்டு பருவங்களின் கட்டணத்தை முழுமையாகவும், படித்த இரண்டு பருவங்களில் சரிபாதியையும் திருப்பித் தாருங்கள். காதுப் பயிற்சியும் அகௌஸ்டிக்ஸ் ஏட்டுப் பாடமும் கிடைத்தன, அதனால் அந்தப் பாதியைக் கேட்கவில்லை. கணக்குப்படி ரூ.3,60,000, அதற்குரிய ஜி.எஸ்.டி. ரூ.64,800, ஆக ரூ.4,24,800. அரசுக்குக் கட்டிய வரியை எப்படித் திருப்புவது என்று கேட்க வேண்டாம். சேவையில் குறை இருந்தால் கிரெடிட் நோட் போட ஜி.எஸ்.டி. சட்டத்திலேயே வழி இருக்கிறது, உங்கள் கணக்குப் பிரிவுக்கு அதுவும் தெரிந்திருக்கும்.

சேரும்போது "சரிபார்த்துவிட்டுத் தருகிறோம்" என்று வாங்கிவைத்த என் பி.இ. பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும் இன்னும் உங்கள் அலமாரியில் இருக்கின்றன. பணம் பற்றி எந்த முடிவு எடுத்தாலும் அவற்றை ஒரு வாரத்துக்குள் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். அவை இல்லாமல் வேலைக்கு விண்ணப்பிக்க முடியவில்லை.

கையேட்டிலிருந்தும் இணையதளத்திலிருந்தும் "மாஸ்டர்ஸ்" என்ற சொல்லையும் அட்மாஸ் அறையின் படத்தையும் எடுத்துவிடுங்கள். அடுத்த ஜூலை சேர்க்கைக்கு அதே படத்தோடு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது, நேற்றுகூட என் தம்பியின் போனில் வந்தது.

பணத்துக்கு 30 நாள் பார்ப்பேன். அதற்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். ரசீது, கையேடு, கவுன்சிலரின் குரல் பதிவு, பிராக்கெட்டுகளின் படம், கிராக் இணைப்பு அனுப்பிய செய்தியின் நகல் எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன்.

அப்புறம், இன்னொன்று. ஸ்டுடியோ கணினியில் என் பெயரில் உள்ள ஃபோல்டரில் நான் செய்த செஷன்கள் இருக்கின்றன. அதில் அப்பாவின் சேக்காளி ஒருவரை அழைத்துவந்து, என் கைக்காசில் பயணப்படி கொடுத்து, வராண்டாவில் வைத்துப் பதிவுசெய்த நாகஸ்வரமும் உண்டு. அவற்றை அழித்துவிடாமல், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்புகளாகவே ஒரு பென் டிரைவில் போட்டுச் சான்றிதழ்களோடு அனுப்பவும். பென் டிரைவுக்கு உரிய காசை நானே தருகிறேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
கும்பகோணம்.