காவிரியின் அழுக்கா, கம்பியின் அழுக்கா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிக்கூடத்தில் படித்த அறிவியல் அன்றாட வாழ்க்கைக்கு எங்கே உதவியது என்று ஒரு வாசகர் போன இதழில் கேட்டிருந்தார். எனக்கு அது உதவவில்லை. உதவாததால் பதினெட்டாயிரம் ரூபாய் கையைவிட்டுப் போக இருந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். குழாயில் வருவது காவிரித் தண்ணீர், காய்ச்சிக் குடிக்கிறோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்கும் இளைஞர் ஒருவர், ‘ஃப்ரீ வாட்டர் டெஸ்ட்’ என்று வந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர், அதாவது அந்த மெஷினில் சுத்திகரித்தது. பெட்டியிலிருந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை எடுத்து, ஆளுக்கு ஒரு ஜோடியாக இரண்டு டம்ளரிலும் இறக்கி, பிளக்கைச் சொருகினார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கள் டம்ளரில் முதலில் பச்சையாகப் புகை மாதிரி கிளம்பியது. அப்புறம் பழுப்பு. அப்புறம் சாக்கடை. மேலே அழுக்கு நுரை வேறு. அவருடைய டம்ளர் மட்டும் பளிச்சென்று அப்படியே இருந்தது. “இதைத்தான் மேடம் தினமும் குடிக்கிறீங்க” என்றார். என் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “அறுபது வருஷமா இதையாடீ குடிச்சோம்?” நான் செக்புக்கைத் தேடப் போய்விட்டேன்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள்தான் எழுந்து வந்து, “அங்கிள், உங்க தண்ணியில கொஞ்சம் உப்பு போட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் ஒரு சிட்டிகை போட்டும் விட்டாள். ஆர்ஓ டம்ளரும் சாக்கடை ஆனது. எங்களுடையதைவிட மோசமாக!

விஷயம் இவ்வளவுதான். கரைந்த உப்புகள் இருக்கிற தண்ணீரில் மின்சாரம் ஓடும். அப்படி ஓடும்போது, நேர்முனையில் இருக்கும் இரும்புக் கம்பி கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாக மாறும். கிட்டத்தட்ட துருவுக்குச் சொந்தக்காரன். ஆர்ஓ தண்ணீரில் உப்பே அதிகம் கிடையாது, மின்சாரம் சரியாக ஓடாது, கம்பியும் கரையாது. நாங்கள் பார்த்த அழுக்கு காவிரியில் வந்ததில்லை, அவர் கொண்டுவந்த கம்பியில் வந்தது.

இதற்குப் பெயர் மின்னாற்பகுப்பு. நானும் படித்தவள்தான், சார். பேட்டரி, இரண்டு மின்முனை, நடுவில் திரவம் என்று படம் போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடிழுத்துப் பாகம் குறித்து, முழு மார்க் வாங்கியிருக்கிறேன். அதே படம் என் வீட்டு டைனிங் டேபிளில் உயிரோடு நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. நோட்டில் இருந்த மின்னாற்பகுப்புக்கும் டம்ளரில் நடந்ததற்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்து அந்த இளைஞர், தண்ணீரில் உப்புகள் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரை எடுத்தார். 280 காட்டியது. “பாருங்க, எவ்வளவு ஹை!” குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை சரி என்கிறது; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரைகூட அனுமதி உண்டு. அந்த மீட்டர் பார்ப்பதும் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை மட்டும்தான். டைபாய்டு கிருமி அதன் கண்ணுக்குத் தெரியாது. இளநீரில் வைத்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் காட்டும். அதற்காக இளநீர் விஷமா?

ஆர்ஓவே வேண்டாம் என்று சொல்லவில்லை. போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற ஊர்களில் அது தேவைதான். ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடும் மெஷின் 280க்கு எதற்கு? டிடிஎஸ் 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யச் சொல்லி 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவு போட்டது.

பணம் போனால் போகட்டும், சில இடங்களில் உயிரே போகும். எங்கள் கீழ்வீட்டு அக்கா கேஸ் வாசனை வந்ததும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டார். புகை மேலே போகும், அதே மாதிரி கேஸும் போய்விடும் என்பது அவர் கணக்கு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். சுவிட்சில் தெறிக்கும் ஒரு பொறி போதும். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குப் போன் செய்ய வேண்டும் என்பது எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள்?

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976இலேயே அரசியல் சாசனத்தில் சேர்த்துவிட்டார்கள். கடமை ஒரு பக்கம் இருக்கட்டும், காசாவது மிஞ்சும். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு ஆணி, ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர். இதை வகுப்பில் செய்து காட்டுங்கள். காட்டிவிட்டு, இதை வைத்து உங்கள் வீட்டில் என்ன விற்பார்கள் என்றும் சொல்லிக்கொடுங்கள்.

அந்த இளைஞரை நாங்கள் திட்டவில்லை. கம்பிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தபடி, “நானும் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிதான் மேடம். மாசத்துக்கு இத்தனை மெஷின்னு டார்கெட் இருக்கே” என்றார் மெதுவாக. வெயிலில் அலைகிற பிள்ளை என்று மாமியார் காபி போட்டுக் கொடுத்தார். அதே குழாய்த் தண்ணீரில் போட்ட காபி. குடித்துவிட்டுத்தான் போனார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்.