டி5க்கு ரயில் வருது சரி, பெட்டி எப்படி வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துல வரப்போற ஐந்தாவது முனையம், அதான் டி5, அத பத்தி வர்ற செய்திய விடாம படிச்சிக்கிட்டு வரேன். வருஷத்துக்கு 5 கோடி பயணிங்க, 2030களின் நடுவாக்குல திறப்பு, எம்ஆர்டி ரயிலோட தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதை அங்க வரைக்கும் நீளும், அப்படியே தானா மேரா ஸ்டேஷன் வரைக்கும் போய் இப்ப ஓடுற எக்ஸ்போ-ஏர்போர்ட் கிளையையும் தன்னோட சேத்துக்கும். ரொம்ப சந்தோஷம். 2002ல ஏர்போர்ட் ஸ்டேஷன் வந்து இத்தன வருஷம் ஆகியும் தானா மேராவுல இறங்கி மாறுற வேல இருந்துக்கிட்டே இருக்கு, நிறைய பேருக்கு அது குறையும்.

ஆனா தண்டவாளம் போட்டுட்டா போதுமா? நம்ம ஆளுங்க திருச்சிக்கு கிளம்புறத பாருங்க. 30 கிலோவுக்கு பெட்டி, கயிறு கட்டி மேல மார்க்கர்ல பேர் எழுதினது, கூட ஒரு அட்டைப்பெட்டி, அதுல மைலோ, கோடாலித் தைலம், சாக்லேட்டு, அக்கா பையனுக்கு ஷூ. எம்ஆர்டில லக்கேஜ் வைக்க தனி இடம் கிடையாது, கதவோரமா நின்னு முழங்காலால முட்டு குடுத்து புடிச்சிக்கணும், இல்லன்னா பிரேக் போடும்போது சக்கரம் வச்ச பெட்டி தன்பாட்டுக்கு கிளம்பிடும். சின்ன பையோட பாலிக்கு போறவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல, ஊருக்கு போற குடும்பம்தான் கடைசியில கிராப் டாக்சி, தெரிஞ்சவர் வேன்னு போயிடுது.

ஹாங்காங்ல சிட்டிக்குள்ள ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் ஸ்டேஷன்லயே சில விமானங்களுக்கு பெட்டிய ஒப்படைச்சிட்டு கைய வீசிக்கிட்டு ரயில் ஏறலாம். நம்மகிட்ட ஏர்போர்ட்ட ஒட்டி இருக்குற ஜுவல் மால்ல ஏர்லி செக்-இன் இருக்கு, ஆனா அதுக்கு பெட்டிய இழுத்துக்கிட்டு ஏர்போர்ட் வரைக்கும் வந்தாகணுமே! அதே வசதிய தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையோட வடக்கு முனையில இருக்குற உட்லண்ட்ஸ் நார்த் ஸ்டேஷன்ல வச்சா என்ன? பெட்டி ரயில்லயே போகணும்னு கூட இல்ல, மொத்தமா ஒரு லோரில ஏத்தி அனுப்புனாலும் அத்தன டாக்சி ரோட்டுல ஓடுறதுக்கு எவ்வளவோ மேல்.

உட்லண்ட்ஸ் நார்த்த சும்மா சொல்லல. ஜொகூர் பக்கம் புக்கிட் சாகர்ல இருந்து எல்லை தாண்டி வர்ற ஆர்டிஎஸ் ரயில் அங்கதான் நிக்கும், 4 கிலோமீட்டர், சுமார் 5 நிமிஷம், ஒரு திசையில மணிக்கு 10,000 பேர் வரைக்கும். நாளைக்கு ஜொகூர்க்காரர் ஒருத்தர் அங்க மாறி நேரா டி5ல போய் இறங்கலாம். ஆனா வழியில ரயில் லேட்டாகி விமானத்த விட்டா யார் பொறுப்பு? ஜெர்மனில லுஃப்தான்சா விமான கம்பெனியும் டாய்ச்ச பான் ரயில் கம்பெனியும் சேந்து ரயிலையும் விமானத்தையும் ஒரே டிக்கெட்டா விக்கிறாங்க, ரயில் தாமதமாச்சுன்னா அடுத்த விமானத்துல மாத்தி விடுறது அவங்க பாடு. அந்த ரயில் கம்பெனி 2022ல ஸ்டார் அலையன்ஸ்ங்கிற விமான கம்பெனி கூட்டணியிலயே கூட்டாளியா சேந்துடுச்சு, நம்ம சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்குற அதே கூட்டணிதான். அப்ப இங்க முடியாதுன்னு சொல்ல காரணம் இல்ல.

   

இன்னொன்னு ராத்திரி நேரம். நடுச்சாமம் தாண்டி வந்து இறங்குறவங்களுக்கு எம்ஆர்டி கிடையாது, டாக்சிக்கு மிட்நைட் சார்ஜ் 50 விழுக்காடு வேற. ராத்திரில தண்டவாள பராமரிப்பு நடக்கணும், அது புரியுது, விடிய விடிய ரயில் ஓட்ட சொல்லல. பெட்டி வைக்க இடம் உள்ள பஸ் ஒண்ணு உட்லண்ட்ஸ், ஜூரோங்னு முக்கியமான ஸ்டேஷன் வழியா எம்ஆர்டி கட்டணத்துலயே ஓடலாமே. பசுமை எரிபொருளுக்குன்னு விமான டிக்கெட்ல கட்டணம் வாங்குறதா முடிவு பண்ணியிருக்காங்க, குடுக்குறோம். ஏர்போர்ட்டுக்கு ஆளுக்கொரு கார்ல போறத குறைக்கவும் அதே அக்கற காட்டட்டும்.

டி5 கட்டடம் இப்பதான் எழும்புது, பெட்டி போற வழிய இப்பவே பிளான்ல சேத்துட்டா செலவு கம்மி, அப்புறமா உடச்சு கட்டுனா நம்ம காசுதான். உட்லண்ட்ஸ் நார்த்ல செக்-இன் கவுண்டர் வருமா வராதான்னு நிலப் போக்குவரத்து ஆணையமும் சாங்கியும் உங்க பத்திரிகை மூலமா பதில் சொன்னா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்