மாமாவுக்கு, எண்ணெயில் ஓடும் வண்டியைப் பற்றி

லீட்ஸ், இங்கிலாந்து
நவம்பர் 2019

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகன் அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். நீங்கள், அத்தை, பிள்ளைகள் அனைவரின் நலமறிய ஆவல். போன வாரம் பேசியபோது, "செக்கு வைத்திருக்கிறவன் டீசல் போட டி.கல்லுப்பட்டி வரை போக வேண்டியிருக்கிறது. உன் வண்டி எண்ணெயில் ஓடுகிறது என்கிறாயே, இங்கே ஓடாதா?" என்று கேட்டீர்கள். தொலைபேசியில் நான் அரைகுறையாகச் சொல்லி, அதை நம்பி நீங்கள் மறுநாளே ஜீப் டாங்கில் ஒரு டின் கடலை எண்ணெயைக் கவிழ்த்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். மெக்கானிக்கிடமும் படித்துக் காட்டுங்கள்.

எனக்கு இந்த வண்டி வாய்த்ததே குளிரால்தான். இங்கே இந்த மாதத்தில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும்; காலையில் வண்டிக் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டி எடுத்த பிறகே கிளம்ப முடியும். எனக்கு இரவு ஷிப்ட் விழுகிற வாரங்களில் தொழிற்சாலைப் பக்கம் பஸ் கிடையாது. எங்கள் தெருவில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடமிருந்து 1998-ஆம் ஆண்டுப் பீஜோ 306 டீசல் காரை வாங்கினேன். எண்ணெய்க்கு மாற்றும் வேலையையும் அவர் கொல்லையிலேயே இருவருமாகச் செய்தோம். நான் ஸ்பேனரைப் பிடித்தேன், அவர் தேநீரைப் பிடித்துக்கொண்டு வழி சொன்னார் என்பதே சரியான கணக்கு.

எண்ணெய் மீன் வறுவல் கடையிலிருந்து வருகிறது. நம் ஊரில் பரோட்டா கடை போல இங்கே தெருவுக்கொரு மீனும் உருளைக்கிழங்கும் வறுக்கும் கடை உண்டு. இந்த வடக்குப் பகுதியில் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். அது ஆறினால் வெள்ளையாகக் கட்டிவிடும் என்பதால் நமக்கு உதவாது. கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் விதையின் எண்ணெயில் வறுக்கும் கடை ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறேன். முன்பெல்லாம் எடுத்துப் போனால் போதும் என்று சும்மா கொடுத்தார்களாம். இப்போது கம்பெனிக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிப் போவதால், நானும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். கழிவை எடுத்துச் செல்பவராக அரசாங்கத்தில் பதிவு செய்துகொள்ளாமல் அதைக்கூட ஏற்றி வர முடியாது.

வாங்கி வந்த எண்ணெயை அப்படியே ஊற்றினால் வண்டி தெருமுனை தாண்டாது. டிரம்மில் ஊற்றிச் சில வாரங்கள் அசையாமல் வைக்க வேண்டும். மாவுத் துகளும் தண்ணீரும் அடியில் இறங்கும். குழாயை டிரம்மின் அடியில் வைக்காமல் ஒரு சாண் மேலே வைத்துத் தெளிந்ததை மட்டும் இறக்குவேன். அத்தை கொடுத்தனுப்பிய பழைய நாலு முழ வேட்டியை நான்காக மடித்து முதல் வடிகட்டல். பிறகு 5 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுள்ள துகளையும் பிடிக்கும் பில்டர் வழியாக இரண்டாவது வடிகட்டல். தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, காய்ந்த இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றுவேன். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. டிரம்முக்குத் திரும்பப் போக வேண்டியதுதான். சத்தமில்லாமல் மெல்லப் புகைந்தால் டாங்குக்குப் போகலாம். டீசல் பம்பைக் கெடுப்பதில் தண்ணீருக்கு நிகர் எதுவும் இல்லை என்பார் பெரியவர்.

இந்த நாட்டுச் சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்களுடைய குணம் அதில்தான் தெரிகிறது. டீசலுக்கு இந்த 2019-ஆம் ஆண்டில் லிட்டருக்கு 57.95 பென்ஸ் வரி. சாலையில் எண்ணெயை எரித்தாலும் அது எரிபொருள்தான், வரி கட்டு என்பதே பழைய சட்டம். 2002-இல் வேல்ஸ் பகுதியின் லானெல்லி என்ற ஊரில், கடையில் வாங்கிய சமையல் எண்ணெயை ஊற்றி ஓட்டியவர்களைப் புகையில் வந்த வறுவல் வாசனையை வைத்தே அதிகாரிகள் பிடித்தார்கள். 2007 ஜூன் 30 முதல், ஆண்டுக்கு 2,500 லிட்டருக்குள் பயன்படுத்துபவருக்கு வரியும் வேண்டாம், பதிவும் வேண்டாம், கணக்கு மட்டும் எழுதி வை என்று விட்டுவிட்டார்கள். என் நோட்டில் வாங்கியது, வடிகட்டியது எல்லாம் தேதியுடன் இருக்கிறது. உங்கள் செக்குக் கணக்கு நோட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது ஒரு பாரமா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெய் எரியுமா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதன் பேரில், ஒரு சிறிய டீசல் எஞ்சினை ஓட்டிக் காட்டியதே கடலை எண்ணெயில்தான். எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசலே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது கடலை எண்ணெயில் ஓடுகிறது என்றே தெரியவில்லையாம். உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது மதுரையில் டி.வி.எஸ். காரர்கள் கரியை எரித்து வாயு எடுக்கும் கரிவாயுக் கலம் செய்து பஸ்களுக்குப் பொருத்தியதைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறோம் அல்லவா? ஆகவே மாற்று எரிபொருள் நமக்குப் புதிதும் இல்லை.

சிக்கல் எண்ணெயின் பாகுத்தன்மையில் இருக்கிறது. 40 டிகிரிச் சூட்டில்கூட அது டீசலைவிடப் பத்து மடங்கு கனத்து ஓடும். நாசில் என்பது டீசலைப் பனித்திவலையாகச் சிதறடிப்பதற்காகச் செய்த சாமான். கனத்த எண்ணெய் அதிலிருந்து திவலையாக வராமல் தாரையாக வருகிறது. தாரை முழுதாக எரிவதில்லை. எரியாதது நாசில் முனையில் கரியாகப் பிடிக்கிறது, பிஸ்டன் ரிங்குகளை ஒட்டவைக்கிறது, மிஞ்சியது ரிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. வடைச் சட்டியின் வெளிப்புறத்தில், அத்தை எவ்வளவு தேய்த்தாலும் போகாத பிசுக்கு ஒன்று இருக்குமே, அதேதான் எஞ்சினுக்குள்ளும் உண்டாகிறது. முதல் சில மாதங்கள் வண்டி அருமையாக ஓடும். கெடுதல் அதற்குப் பிறகு தெரியும். இதனால்தான் "நான் ஊற்றினேன், ஓடுகிறதே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்கிறேன்.

மதுரை வெயிலே போதும், எண்ணெய் இளகித்தானே இருக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். மேலே நான் சொன்ன 40 டிகிரி நம் ஊர்ச் சித்திரை வெயில்தான், அது போதாது. 70, 80 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் பாகுத்தன்மை மூன்றில் ஒரு பங்காக இறங்கும். எண்ணெய் தீப்பற்றும் நிலை 200 டிகிரிக்கு மேல் என்பதால் இந்தச் சூட்டில் ஆபத்தில்லை.

என் வண்டியில் இதற்காக இரண்டு டாங்குகள் இருக்கின்றன. வண்டியோடு வந்த டாங்கில் டீசல். பின்பக்கம் வைத்த அலுமினிய டாங்கில் எண்ணெய். டீசலில் கிளப்பி ஓட்டுவேன். ரேடியேட்டருக்குப் போகும் சுடுநீரில் ஒரு கிளையைப் பிரித்து எண்ணெய்க் குழாயோடும் பில்டரோடும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கிறோம்; அது எண்ணெயைச் சூடாக்கும். சூடு ஏறியதும் சுவிட்சைத் தட்டினால், மின்வால்வு 'டக்'கென்று திரும்பி எண்ணெயை விடும். வீடு வந்து சேர்வதற்குச் சற்று முன்பே டீசலுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பம்பிலும் நாசிலிலும் எண்ணெய் தங்கிக் குளிர்ந்து, மறுநாள் காலை வண்டி கிளம்பாது. ரப்பர் ஹோஸ் எண்ணெயில் ஊறி உப்பிவிடும் என்பதால் அதற்கென்று விற்கும் ஹோஸைப் போட்டோம். செம்பும் பித்தளையும் பட்டால் எண்ணெய் சீக்கிரம் கெட்டுப் பிசுக்காகிவிடும். எண்ணெய் போகும் வழியில் அவை கூடவே கூடாது. எஞ்சின் ஆயிலைப் பாதிக் காலத்திலேயே மாற்றுகிறேன். ஜெர்மனியில் ஒரே டாங்கில் எண்ணெயை மட்டும் ஊற்றி ஓட்டும்படி நாசிலையும் பிறவற்றையும் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலை நமக்கு எட்டாது, செலவும் கட்டாது. ஆண்டுதோறும் நடக்கும் வண்டிச் சோதனையில் புகையை அளப்பார்கள். என் வண்டி தேறிவிட்டது.

இப்போது உங்கள் வண்டிகளைப் பார்ப்போம். லோடு ஏற்றும் பிக்கப்பை மறந்துவிடுங்கள். அது காமன் ரெயில் எஞ்சின். ஆயிரம் பாருக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல், அழுத்தத்தில் வேலை செய்யும் பம்பும், கம்ப்யூட்டர் சொல்லித் திறக்கும் நாசிலும் உள்ளவை. அதில் எண்ணெயை விட்டால் பழுது பார்க்கும் செலவில் இன்னொரு பழைய ஜீப் வாங்கிவிடலாம். ஜீப்புக்கு வாய்ப்பிருக்கிறது. பழைய மகிந்திரா ஜீப்புகளில் வந்த எக்ஸ்.டி.பி. எஞ்சின், பீஜோ கம்பெனியிடம் உரிமம் பெற்றுச் செய்தது. என் காருக்கு ஒருவகையில் பங்காளி. அதில் டீசல் நேராகப் பிஸ்டன் மேல் பாயாமல், பக்கத்திலுள்ள சிறு அறைக்குள் பாய்ந்து சுழன்று எரிகிறது. அப்படிப்பட்ட எஞ்சின் எண்ணெயைப் பொறுத்துக்கொள்ளும். டி.ஐ. என்று எழுதிய பிந்தைய எஞ்சின் என்றால் நேராகப் பாய்கிற வகை; அதில் ரிங் ஒட்டுவது அதிகம், நான் பரிந்துரைக்க மாட்டேன். பம்பையும் பார்க்க வேண்டும். சிறு பிஸ்டன்கள் வரிசையாக நிற்கும் பெரிய பம்பு எஞ்சின் ஆயிலில் ஊறியே ஓடுவதால் தாங்கும்; உருண்டையாகச் சுழலும் வகைகளில் சிலவற்றின் அச்சு, குளிர்ந்த எண்ணெயின் கனத்தைத் தாங்காமல் முறிந்துவிடும்.

எந்த எண்ணெய் என்பதில்தான் உங்களோடு வாதாட வேண்டியிருக்கிறது. மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் நம் ஊரில் டீசலைவிட இரு மடங்குக்கு மேல் விலை போகிறது. அதை விற்று டீசல் வாங்குவதை விட்டுவிட்டு, அதையே எரிப்பதில் என்ன லாபம்? விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைத் தினமும் படிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டிரம்மின் அடியில் தங்கும் மண்டியை ஊற்றலாமே என்றீர்கள். அதில் துகளும் ஈரமும் அதிகம். தெளிந்து வடியும் பகுதி கொஞ்சம்தான். கடைகளில் மிஞ்சும் பழைய எண்ணெயை வாங்கலாம் என்றால் அது பெரும்பாலும் பாமாயில். மார்கழிக் காலையில் கலங்கிக் குழம்பும். அதோடு, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைக் கட்டுப்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் விதி கொண்டுவந்து, மிஞ்சும் எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் செய்வோரிடம் சேர்க்க ஏற்பாடும் தொடங்கியிருக்கிறது. அந்தப் பயோடீசல் வேறு. மெத்தனால் என்ற சாராய வகையும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து எண்ணெயை நீர்க்கச் செய்வது. மெத்தனால் விஷம், தீயும் பற்றும். செக்கு ஓடும் கொட்டகையில் அதைச் செய்யவே வேண்டாம்.

ஆகவே என் யோசனை இதுதான். ஜீப்பில் கை வைக்காமல், தோட்டத்துக் கிணற்றில் நிற்கும் ஆயில் எஞ்சினில் முதலில் செய்து பாருங்கள். மெதுவாகச் சுற்றும் பழைய எஞ்சின். ஒரே இடத்தில், ஒரே சுமையில் மணிக்கணக்காக ஓடுவது. சாலைக்கு வராததால் ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ் கேள்விகளும் இல்லை. எண்ணெய்க்குக் கண்மாய்க் கரையிலும் ரோட்டோரத்திலும் நிற்கும் புங்க மரங்கள் போதும். விதையில் ஏறத்தாழ 30 சதவீதம் எண்ணெய் இருக்கிறது. தின்கிற எண்ணெய் இல்லை என்பதால் வீட்டுக்கும் வியாபாரத்துக்கும் நஷ்டமில்லை. கர்நாடகத்தில் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்பே புங்க எண்ணெயில் ஜெனரேட்டர் ஓட்டி ஊருக்குத் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். ஆனால் கடலை ஆட்டும் செக்கில் புங்க விதையைப் போட்டுவிடாதீர்கள். கசப்பும் வாடையும் போகாது, சாப்பிடுகிறவர்களுக்கும் ஆகாது. பிண்ணாக்கை வயலுக்கு உரமாகப் போடுங்கள், மாட்டுக்கு வைக்க வேண்டாம். விதை ஈரமாகக் கிடந்தால் எண்ணெயில் புளிப்பு ஏறிப் பம்பை அரிக்கும். நன்றாகக் காயவைத்த பிறகே ஆட்ட வேண்டும்.

ஆயில் எஞ்சினைக் கிணற்றுத் தண்ணீர் குளிர்விப்பதால் அந்தத் தண்ணீரின் சூட்டை நம்ப முடியாது. சைலன்சரை ஒட்டி ஒரு இரும்புக் குழாயைச் சுற்றி அதன் வழியே எண்ணெயைக் கொண்டுவரச் சொல்லுங்கள். செம்புக் குழாய் வளைக்க லேசாக இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். டீசலுக்கு ஒரு சிறு டப்பா, எண்ணெய்க்கு ஒரு டப்பா, நடுவே இரண்டு பக்கமும் திருப்பும் ஒரு டேப் போதும். டீசலில் கிளப்பி, தண்ணீர் விழத் தொடங்கிச் சைலன்சர் காய்ந்த பிறகு எண்ணெய்க்குத் திருப்ப வேண்டும்; நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்பு டீசலுக்கு. சுமையில்லாமல் சும்மா ஓடவிடக் கூடாது. மாதம் ஒருமுறை நாசிலைக் கழற்றி முனையில் கரி பிடித்திருக்கிறதா என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.

ஜீப் எஞ்சினின் மேல் அடித்திருக்கும் எழுத்தையும், பம்பின் பக்கவாட்டில் உள்ள தகட்டையும் பிள்ளைகளைக் கொண்டு படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பெரியவரிடம் காட்டிவிட்டு, ஜீப்பைத் தொடலாமா வேண்டாமா என்று எழுதுகிறேன். தை மாதம் வரும்போது நல்ல ஹோஸும் இரண்டு பில்டர்களும் கொண்டுவருகிறேன். அத்தைக்கு வேறு என்ன வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்