சேற்றுத் திருவிழாவுக்குக் கம்பூட்ஸ்

ஆம்பூர்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கயல் பிரிஸ்டலில் படிப்பை முடிக்கும் கையோடு, 2027 ஜூனில் அப்பாவையும் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவுக்குக் கூட்டிப்போக ஆசைப்படுகிறாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. பாட்டு என்றால் சோறு வேண்டாம் என்று இருந்தவன் நீ. அவசியம் போய்வா. இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம், கூடிவந்தால் முதல் அழைப்பு உனக்குத்தான்.

மூன்று ஜோடிப் படம் அனுப்பி எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். பளபளக்கும் முழங்கால் பூட்ஸ், கணுக்கால் வரை வரும் குட்டைப் பூட்ஸ், தண்ணீர் புகாத மலையேற்ற ஷூ. மூன்றையும் சொல்கிறேன். அதற்கு முன் நீ எந்த மண்ணில் நிற்கப்போகிறாய் என்று தெரிந்துகொள்.

சாமர்செட்டில் பில்ட்டன் கிராமத்து வொர்தி பண்ணையில்தான் விழா. அது பால் பண்ணை. பண்ணைக்காரர் மைக்கேல் ஈவிஸ் 1970-ல் தொடங்கியபோது ஒரு பவுண்டு டிக்கெட்டுக்குப் பண்ணைப் பாலும் இலவசமாகக் கொடுத்தார்கள். இப்போது இரண்டு லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். மண் கனத்த களி, தண்ணீர் சீக்கிரம் இறங்காது. புல்வெளிக்கு ஓய்வு கொடுக்கத்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விழாவையே நிறுத்திவைக்கிறார்கள். 2018-ல் அப்படி விட்டார்கள், 2026-லும் அதற்காகத்தான் விழா இல்லை. 1997, 1998, 2007, 2016 ஆண்டுகளைச் சேற்றுக்காகவே இன்றும் பேசுகிறார்கள்.

சேறு இரண்டு விதமாகப் படுத்தும். மழை பெய்துகொண்டிருக்கும்போது அது குழம்பாக ஓடும். அப்போது தொல்லை தண்ணீரால். மழை விட்டு அரைநாள் வெயில் காய்ந்ததும், நாற்றுக்கு உழுத வயல் காயத் தொடங்கினாற்போல இறுகிப் பசையாகும். பூட்ஸைக் காலோடு பிடித்துக்கொள்வது இந்தச் சேறுதான். சோலுக்கு அடியில் காற்று புக வழியில்லாததால், நேராக மேலே இழுத்தால் கால் மட்டும் வெளியே வரும், பூட்ஸ் அங்கேயே நிற்கும். குதிகாலை முதலில் கொஞ்சம் திருப்பிக் கிளப்பி, காற்றுக்கு வழிவிட்டு, பிறகு முன்பாதத்தை எடுக்க வேண்டும்.

இதனால்தான் தண்ணீர் புகுமா என்ற கேள்வியை நான் இரண்டாவதாக வைக்கிறேன். அச்சில் வார்த்த எந்த ரப்பர் பூட்ஸிலும், ஓட்டை இல்லாதவரை, தண்ணீர் புகாது. காலை, குறிப்பாகக் குதிகாலையும் புறங்காலையும், பிடித்து நிற்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. லேஸ் இல்லாத காலணி அது, பிடிப்பு முழுவதும் வடிவத்திலிருந்துதான் வரவேண்டும்.

கடையில் பார்க்கும் முறை இது. மாலையில் போ, பகல் முழுக்க நடந்த பாதம் சற்றே வீங்கியிருக்கும். விழாவில் போடப்போகும் அதே தடித்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு அளவு பார். விரல் நுனிக்கு முன்னால் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடம் இருக்கட்டும். நடக்கும்போது குதிகால் 1 சென்டிமீட்டர் வரை எழும்பினால் பரவாயில்லை, இந்த வகைப் பூட்ஸில் அது இயல்பு. 2 சென்டிமீட்டர் எழும்பினால் முதல் நாள் மாலையே கொப்புளம். இவை பெரும்பாலும் முழு அளவில்தான் வரும். உனக்கு எட்டரை என்றால் ஒன்பது எடுத்து, உள்ளே 3 முதல் 5 மில்லிமீட்டர் கம்பளி இன்சோல் வை. எட்டில் காலைத் திணிக்காதே. விரல் முட்டும் பூட்ஸில் இறக்கத்தில் நடந்தால் நகம் கறுத்துவிடும்.

அடுத்தது கெண்டைக்கால். அதன் பருத்த இடத்தைப் பேன்ட்டோடு சேர்த்து நாடாவால் அள. முழங்கால் பூட்ஸின் வாய் சுற்றளவு பொதுவாக 38 முதல் 40 சென்டிமீட்டருக்குள் இருக்கும். உன் அளவைவிட 2, 3 சென்டிமீட்டர் தாராளமாக இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு அடியிலும் ரப்பர் காலில் அடித்துத் தோலை உரிக்கும், மழையும் உள்ளே வழியும். பக்கத்தில் பக்கிள் வைத்த மாடலில், பக்கிளுக்குப் பின்னால் ரப்பர் மடிப்பு முழுசாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார். விலை குறைந்த சிலவற்றில் அந்த இடம் வெறும் வெட்டு, தண்ணீருக்கு நேர்வழி.

பிறகு சோல். பூட்ஸை இரண்டு கையாலும் மடக்கிப் பார். விரல்களின் அடிமூட்டு வரும் இடத்தில் மடங்க வேண்டும். நடுப்பாதத்தில் மடங்கினால் உள்ளே ஷாங்க் இல்லை. ஷாங்க் என்பது குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே பாலம்போல் வைக்கும் இரும்புப் பட்டை. மேடைக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்கும்போது பாதத்தின் வளைவு சோர்ந்து விழாமல் தாங்குவது அதுதான். அழகுக்காக விற்கும் பூட்ஸ் பலவற்றில் அதை விட்டுவிடுகிறார்கள், எங்கள் காலணித் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். நீ அனுப்பிய பளபளப்பு ஜோடியில் எனக்குச் சந்தேகம் இதுதான். படத்தில் குதிப்பகுதியும் தட்டையாகத் தெரிகிறது. குதி தனியாக எழும்பி நின்றால்தான் ஈரப் புல் சரிவில் இறங்கும்போது பிடி கிடைக்கும். சோலின் பற்கள் குறைந்தது 5 மில்லிமீட்டர் ஆழம் இருக்கட்டும், பற்களுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளியும் வேண்டும். நெருக்கமான பல்லில் களி ஏறினால் உதிராது, பத்தே அடியில் சோல் வழவழப்பாகிவிடும்.

எந்தப் பொருளில் வாங்குவது? நம் ஹார்ட்வேர் கடைகளில் கான்கிரீட் வேலைக்கு விற்கும் கறுப்புக் கம்பூட்ஸ் பிவிசி. ஒரே வார்ப்பு, கசியாது, மலிவு. ஆனால் ஜோடி 2 கிலோவைத் தாண்டும், விறைப்பு அதிகம், கணுக்கால் மடியும் இடத்தில் நாளடைவில் வெடிக்கும். சில மணி நேர வேலைக்குச் சரி, விழாவின் ஐந்து நாளுக்குக் கால் ஓய்ந்துவிடும். இயற்கை ரப்பர் மிருது, காலோடு வளையும். நம் குமரி மாவட்டத்துத் தோட்டங்களில் வடிக்கும் அதே பால்தான். புதிய ஜோடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை என்று பயந்து ஒதுக்காதே. ரப்பருக்குள் இருக்கும் மெழுகும் கந்தகமும் மேலே வருவதுதான் அது, துணியில் சிலிகான் தொட்டுத் துடைத்தால் போய்விடும். பாலியூரிதேன் பூட்ஸ் இன்னும் எடை குறைவு. உள்ளே நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் குளிரும் தாங்கும். அங்கே பால் பண்ணைக்காரர்கள் நாள் முழுக்கப் போட்டிருப்பதில் இந்த வகை நிறைய உண்டு. ஈவிஏ என்ற ஃபோமில் இறகுபோல லேசான ஒன்று விற்கும். கூடார ஆணி குத்தினால் ஓட்டை, அது வேண்டாம். மேல்பாகம் நியோப்ரீன் என்ற பஞ்சுபோன்ற செயற்கை ரப்பர் வைத்ததும் ஜூனுக்குத் தேவையில்லை. சூடு அதிகம், நனைந்தால் சீக்கிரம் காயாது.

என் தீர்ப்பு இது. உனக்குப் பாலியூரிதேனோ இயற்கை ரப்பரோ, முழங்கால் உயரம். கயல் உயரம் குறைவு என்பதால் அவளுக்குக் கெண்டைக்கால் நடுவரை வரும் 28, 30 சென்டிமீட்டர் உயரம் போதும். முழு உயரம் அவளுக்கு முழங்கால் மடிப்பில் இடிக்கும். நீ படம் அனுப்பிய கணுக்கால் பூட்ஸ் தூறலுக்கும் நகரத் தெருவுக்கும் நல்லது. பத்தாயிரம் பேர் மிதித்த களத்தில் ஒரே அடியில் அதன் வாய்க்கு மேல் சேறு வந்துவிடும். மலையேற்ற ஷூவுக்கும் அதே கதிதான். அதன் உள்சவ்வு வெளித் தண்ணீரைத் தடுக்கும், வியர்வை ஆவியை வெளியே விடும். சேறு அப்பிக்கொண்டால் ஆவி போகிற வழி அடைபட்டுவிடும். கழுத்து வழியாக ஒருமுறை உள்ளே நனைந்துவிட்டாலோ கூடாரத்தில் ஒரு இரவில் காயாது. ஆனாலும் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதே. வெயிலடித்துத் தரை இறுகிவிட்டால் கம்பூட்ஸில் நடப்பது தண்டனை, அன்றைக்கு அந்த ஷூதான் கை கொடுக்கும். இரவில் கழிவறைக்குப் போய்வர ஒரு ஜோடி ஃபோம் செருப்பும் எடுத்துக்கொள்.

நம் ஊர் வயலில் வெறுங்காலோடு இறங்கியவர்கள்தானே என்று நினைக்கலாம். அந்த வயலில் கல், முள் எல்லாம் பொறுக்கி எடுத்திருப்போம். விழா நடக்கும் இடத்தில் சேற்றுக்குள் கூடார ஆணி, நசுங்கிய டப்பா, உடைந்த பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். குளிரும் இருக்கிறது.

சாக்ஸைப் பூட்ஸுக்குச் சமமாக மதி. ரப்பர் மூச்சுவிடாது, மழையே பெய்யாவிட்டாலும் வியர்வையால் உள்ளே ஈரமாகும். பருத்தி சாக்ஸ் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும், ஊறிய தோல் எளிதில் உரியும். கம்பளியும் நைலானும் கலந்தது வாங்கு. பூட்ஸின் வாய்க்கு மேல் இரண்டு விரற்கடை மடித்துவிடும் நீளம் இருக்கட்டும், அப்போதுதான் விளிம்பு காலை உரசாது. ஐந்து நாளுக்கு ஏழு ஜோடி. அதில் ஒன்றை ஜிப் பையில் போட்டு, தூங்கும்போது மட்டும் எடு. இன்சோல் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு நாள்விட்டு நாள் மாற்று. ஈரமானதை இரவில் தூங்கும் பைக்குள் இடுப்போரம் வைத்தால் உடல் சூட்டிலேயே காய்ந்துவிடும்.

இதை அலட்சியம் செய்தால் வருவது, முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் நின்ற சிப்பாய்களுக்கு வந்த அதே பாத நோய். ஈரமும் குளிரும் சேர்ந்து பாதத்தின் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் வருகிறது. பனி உறையும் குளிர் தேவையில்லை, இங்கிலாந்தின் ஜூன் இரவே போதும். அரிப்பு, மரத்துப்போதல், திட்டுத்திட்டாக வெளுத்த தோல், இவை முதல் அடையாளம். பார்த்ததும் பூட்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்து, உயர்த்தி வைத்துக் காற்றாட விடு. தேய்க்காதே, நெருப்புக்கு நேரே காட்டாதே. மரத்தது தெளியாவிட்டால் உடனே மருத்துவ முகாமுக்குப் போ. உனக்குச் சர்க்கரை இருப்பதால் சொல்கிறேன், கொப்புளம் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். காலை, மாலை இரண்டு வேளையும் பாதத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும், அடிப்பாதத்தைக் கயல் பார்க்கட்டும். நாளில் எட்டு மணி நேரமாவது பூட்ஸ் காலில் இருக்கக்கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று. பூட்ஸுக்குள் தண்ணீர் பெரும்பாலும் மேலிருந்துதான் வரும். மழை அங்கியின் விளிம்பு முழங்காலில் முடியும், அதிலிருந்து சொட்டுவது நேரே பூட்ஸ் வாய்க்குள் விழும். மழை பெய்யும்போது தண்ணீர் புகாத மேல்பேன்ட் போட்டு, அதைப் பூட்ஸுக்கு வெளியே விடு. மழை விட்டுச் சேறு மட்டும் இருக்கும்போது உள்ளே செருகு.

பூட்ஸை இங்கிருந்து சுமந்து போகாதே. பிரிஸ்டலைச் சுற்றியுள்ள கிராமங்களில் விவசாயப் பொருள் கடைகள் உண்டு, அங்கே நல்ல ஜோடி நியாயமான விலைக்குக் கிடைக்கும். விழா வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே, மழை வந்தால் முதலில் தீர்வது நடு அளவுகள்தான். வாங்கியதும் இரண்டு மூன்று மணி நேரம் போட்டு நட. காஸில் கேரி ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் போகும்போது மூட்டையில் வைக்காமல் காலிலேயே போட்டுக்கொள், சுமையும் குறையும்.

கயலின் பழைய ஜோடி ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் அரை மணி நேரம் நிறுத்திவைக்கச் சொல். தாள் நனையும் இடம் ஓட்டை. ரப்பராக இருந்தால் சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டுவதைப்போலவே ஒட்டலாம். உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, சொல்யூஷன் தடவி, ஐந்து நிமிடம் உலரவிட்டுப் பேட்ச் வைத்து அழுத்த வேண்டும். பிவிசி என்றால் அந்தச் சொல்யூஷன் பிடிக்காது, பிவிசிக்கான பசைதான் வேண்டும். கணுக்கால் மடிப்பில் வரிவரியாக வெடித்திருந்தால் எந்த ஒட்டும் நிற்காது, புதிது வாங்கிவிடுங்கள்.

விழா முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி நிழலில் காயவிடு. வெயிலும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். சோலின் இடுக்கில் இருக்கும் மண்ணைக் குச்சியால் எடுத்துவிட்டுப் பெட்டியில் வை, மாட்டுப் பண்ணை மண் நம் ஊருக்கு வரவேண்டாம்.

இருவரும் வெள்ளைத் தாளில் நின்று இரண்டு பாதத்தையும் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரைந்து, கெண்டைக்கால் சுற்றளவையும் எழுதி அனுப்புங்கள். எந்த அளவு, எந்த அகலம் என்று பார்த்து எழுதுகிறேன். வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரஹீம்